இருபத்தைந்தாம் எண் கண்ணாடி

ரோசலின் அக்காவுக்குக் கை போதவில்லை.

பெயர்ப்பட்டியலைப் பிடித்திருந்த கையை முதலில் பாதி நீட்டினார். பிறகு முழுதாக நீட்டினார். அதற்கு மேல் நீட்ட ஒன்றும் மிச்சமில்லாததால் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கழுத்தில் இரண்டு மடிப்பு விழுந்தது. மேலே சுழன்ற காற்றாடி தாளின் நுனியைப் படபடவென்று அடித்தது.

"லைட்டு பத்தல," என்றார்.

"லைட்டு நல்லாத்தான்லா இருக்கு. கைதான் குட்டையாப் போச்சு," என்று இரண்டாம் வரிசையிலிருந்து லூர்து அண்ணன் குரல் கொடுத்தார்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கத்தோலிக்கக் கோயில். தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வடைக்கும் காப்பிக்கும் போயிருந்தார்கள். அணைத்த மெழுகுவத்தியின் வாசமும் வெளியே பொரியும் வடையின் வாசமும் வாசலில் சந்தித்துக்கொண்டன. உள்ளே நாங்கள் மூன்று பேர். வாசக மேடையில் அக்கா. கீழே நான், பேனாவும் குறிப்பேடுமாக. பிறகு லூர்து அண்ணன், எழுபது வயது, ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், தம்மைப் பற்றித் தாமே "காலஞ்சென்ற லூர்துசாமி" என்று சொல்லிக்கொள்பவர். அதன் காரணத்தைச் சற்றுக் கழித்துச் சொல்கிறேன்.

அக்கா தாளை மடித்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து என் காதருகே சொன்னார்: "ஸ்டெல்லா, இந்த வருஷம் அவர் பேரு லிஸ்ட்டுல இருக்கு. அதை நான்தான் வாசிக்கணும். வேற யாரும் வாசிக்கக் கூடாது."

அவர் என்றால் ஆரோக்கியநாதன் அண்ணன், அக்காவின் கணவர். அந்த ஆண்டுத் தவக்காலத்தில் இறந்துபோனார். வேறு யாரும் என்றால் நான்.

உயிரோடிருந்தவர் இறந்த கதை

நவம்பர் தொடக்கத்தில் இறந்த ஆன்மாக்களுக்கான பூசை நடக்கும். அதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு படிவத்தில் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தரும். அதையெல்லாம் சேர்த்து, அகரவரிசைப்படுத்தி, தட்டச்சு செய்வது என் வேலை. பூசையில் ஒருவர் மேடையேறி எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். தம் வீட்டுப் பெயர் வரும் கணத்துக்காகவே சிலர் செலாயாங்கிலிருந்தும் கேரி தீவிலிருந்தும் வருவார்கள். பெயர் வந்ததும் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வாசிப்பு ரோசலின் அக்காவுடையது. அவர் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். குரல் அப்படிப்பட்டது, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போகும். வயது அறுபத்தொன்று. தோற்றம் ஐம்பது. கண்ணாடி போட்டால் அறுபத்தொன்று தெரிந்துவிடும் என்பதால் போடமாட்டார்.

நான் பதிலாள் வாசகி. பதினொரு ஆண்டுகளாகப் பதிலாள். ஒவ்வொரு நவம்பரிலும் காலையில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர் குடித்துவிட்டு, பட்டியலின் இன்னொரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வரிசை ஓரத்தில் உட்காருவேன். அக்காவுக்கு ஒரு முறையாவது தொண்டை கட்டியதில்லை. இருமல்கூட வந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்குறிப்பில் இருப்பதைச் சொல்கிறேன்.

முந்தைய ஆண்டுதான் அந்த விபத்து நடந்தது. நான் பட்டியலை இரண்டு பத்தியாக அமைத்திருந்தேன். இடப்பக்கம் இறந்தவர், வலப்பக்கம், அவருக்காகப் பெயர் கொடுத்தவர். எல்லாவற்றையும் ஒரே தாளின் இருபுறத்தில் அடக்கிவிட்ட பெருமையில் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனேன். அக்கா பாதி வழியில் பத்தி மாறிவிட்டார். இறந்தவர்களை விட்டு, பெயர் கொடுத்தவர்களை வாசிக்கத் தொடங்கினார். கணீரென்ற குரலில், சற்றும் தடுமாறாமல், உயிரோடிருந்த ஏழு பேரை நித்திய இளைப்பாற்றிக்கு அனுப்பினார்.

அதில் ஆறு பேர் கவனிக்கவில்லை. ஏழாமவர் லூர்து அண்ணன். தம் பெயர் வந்ததும் சிலுவை வரைந்துகொண்டு, பக்கத்திலிருந்த மனைவியிடம், "நீ ஏன் இன்னும் அழுவல?" என்று கேட்டார். இரண்டு வரிசை சிரித்தது. அடுத்த வாரம் முதல் அவர் எந்த வேலைக்கும் கூப்பிட முடியாத ஆளாகிவிட்டார். நாற்காலி அடுக்கச் சொன்னால், "செத்தவன வேலை வாங்குறீங்களே" என்பார்.

பாதர் மென்மையானவர். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த செப்டம்பரில் அறிவிப்புத் தாளில் ஒரு வரி வந்தது: இந்த ஆண்டு அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு பயிற்சி வாசிப்பு இருக்கும், பழைய பட்டியலைப் பிழையில்லாமல் வாசிப்பவர் பூசையில் வாசிப்பார்.

போட்டியாளர்கள் இரண்டே பேர் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிஸ்கட் டின்

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பெஞ்சில் வாசிப்புக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனால், அதை எடுத்து வாசக மேடைக்குக் கீழே இருக்கும் பச்சை பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார்கள். யாரும் வந்து கேட்பதில்லை. கேட்டால் மறதி வந்துவிட்டதாகப் பேச்சு வரும். இப்படிச் சேர்ந்த கண்ணாடிகள் நாளடைவில் பொதுச்சொத்தாகிவிட்டன. வாசிக்கப் போகிறவர் டின்னைத் திறந்து, ஒன்றை மாட்டிப் பார்த்து, சரிப்படாமல் அடுத்ததை மாட்டி, நான்காவதில் கண் தெரிந்து வாசகத்தைத் தொடங்குவார். அதுவரை சபை நின்றுகொண்டிருக்கும்.

காதில் மாட்டும் காம்புகளில் அச்சிட்டிருந்த பவர் எண்கள் வியர்வையில் அழிந்துவிட்டிருந்தன. எது எந்தப் பவர் என்று யாருக்கும் தெரியாது.

ஒழுங்கில்லாத ஒரு டின் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்காது. நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்கு அளவுப் பொறுப்பில் இருக்கிறேன். பெட்டிகளின் நீள அகல உயரத்தை அளந்து எழுதுவது என் பிழைப்பு. இந்த வார இதழில் என் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்கள் என் கைப்பையிலிருக்கும் அளவுநாடாவை அறிவார்கள். பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் சொன்ன உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் இருந்ததைக் கண்டுபிடித்தது அந்த நாடாதான். அதை எழுதிய வாரத்திலிருந்து அவர் வார இதழை என்னிடம் கொடுக்காமல் தாமே முதலில் பிரித்துப் படிக்கிறார்.

கண்ணாடிகளை அளக்க முடிவு செய்தேன்.

தலைகீழ் மோனோரயில்

பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் படித்திருக்கிறேன். கிள்ளானில், மலாய் மொழியில். "ஜாராக் ஃபோக்குஸ்" என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதியது நினைவிருந்தது. தமிழில் குவியத் தூரம். தொலைவிலிருக்கும் பொருளை நோக்கி வில்லையைப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஒரே ஓர் இடத்தில் படம் தெளிவாக விழும். வில்லைக்கும் தாளுக்கும் இடையிலான தூரம்தான் அது. அதற்குப் பிறகு ஆசிரியை இன்னொரு வரியும் எழுதினார். அந்த வரி மட்டும் நினைவில் இல்லை. பக்கத்தில் இருந்தவள் அன்று ஊறவைத்த மாங்காய் கொண்டுவந்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் கொம்யூட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து, கோயில் மண்டபத்தின் மாடியில் சன்னல் அருகே உட்கார்ந்தேன். எதிரே தூரத்தில் மோனோரயில் பாதை. முதல் கண்ணாடியைப் பிடித்தேன். சுவரில் ஒட்டிய தாளை நோக்கி மெல்ல நகர்த்தினேன். மங்கலான வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி, சட்டென்று ஓர் இடத்தில் சன்னலாயிற்று. சன்னலுக்குள் வானம் கீழே, பாதை மேலே. அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் வந்தது. தலைகீழாகத் தொங்கியபடி, நிறம் மாறாமல், சத்தமில்லாமல் என் தாளின் குறுக்கே ஊர்ந்து போனது.

பன்னிரண்டு முறை அந்த ரயிலைப் பார்த்தேன். அளவு எடுப்பதற்குப் போதுமானதைவிடச் சில முறை அதிகம்தான்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எழுதினேன். சிலது இருபத்தைந்து சென்டிமீட்டரில் படம் காட்டியது. சிலது முப்பத்துமூன்று, நாற்பது, ஐம்பது, அறுபத்தேழு. ஒன்று முழு மீட்டர், நூறு. ஒரே ஒரு கண்ணாடி மட்டும் எங்கு பிடித்தாலும் படமே காட்டவில்லை. அதில் "பழுது" என்று எழுதி ஒட்டினேன்.

இருபத்தைந்து காட்டிய ரயில் தீக்குச்சி நீளம்கூட இல்லை. நூறு காட்டிய ரயில் அதைப்போல நான்கு மடங்கு. எனக்கு முடிவு தெளிவாக இருந்தது. பெரிய எண், பெரிய படம். ஆகவே பெரிய பவர். ஒவ்வொரு காம்பிலும் எண்ணை எழுதி, மேலே ஒளிபுகும் நாடா ஒட்டினேன். டின்னின் மூடியில் அறிவிப்பும் வைத்தேன்: "வயது குறைந்தோர் சிறிய எண்ணையும் வயது கூடியோர் பெரிய எண்ணையும் எடுக்கவும்."

இதைவிடத் துல்லியமாக யாராலும் தவறு செய்ய முடியாது.

மூன்று ஞாயிறுகள்

முதல் ஞாயிறு லூர்து அண்ணன் நூறாம் எண்ணை மாட்டிக்கொண்டு வாசகத் தாளைப் பார்த்தார். கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"என்னாண்ணே?" என்றேன்.

"பெரிய நம்பர் போட்டும் ஒண்ணும் தெரியல. நான் சொன்னேன்ல, நான் போயிட்டேன்னு."

இரண்டாம் ஞாயிறு பாடகர் குழுவில் இருக்கும் நாற்பத்திரண்டு வயதுப் பெண் இருபத்தைந்தை எடுத்தார். பாட்டுப் புத்தகத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு பாடினார். பாட்டு புத்தகத்துக்குள்ளேயே போய்விட்டது. மூன்றாம் ஞாயிறு காணிக்கைத் தட்டு எடுப்பவர் என்னைத் தனியாக அழைத்து, ஒரே மாதத்தில் கண் இப்படி இறங்குவது சர்க்கரை நோயாக இருக்குமா என்று கவலையோடு கேட்டார். கேசரியைக் குறைக்கச் சொன்னேன்.

ரோசலின் அக்கா மட்டும் டின் பக்கம் வரவில்லை. ஆனால் அந்த முதல் ஞாயிறே, எல்லாரும் போன பிறகு, மூடியிலிருந்த அறிவிப்பை அவர் நின்று படிப்பதைப் பார்த்தேன். படித்தது கையை நீட்டித்தான்.

"வயசு குறைஞ்சவங்களுக்குச் சின்ன நம்பரா?"

"ஆமாக்கா."

"ரொம்பச் சின்ன நம்பர் எது?"

"இருபத்தஞ்சு. ரெண்டு இருக்கு."

ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "மருமகளுக்குக் காட்டணும். அவ கேட்டா," என்றார். மருமகளுக்கு முப்பது வயது. அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. எடுத்துப்போகிறவர் பெயரை எழுத நான் வைத்திருந்த இரவல் குறிப்பேட்டை நீட்டவில்லை.

ஒன்றை வகுத்தல்

அக்டோபர் கடைசி வாரத்தில் குமார் கைப்பேசியில் கூப்பிட்டார். பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு அவர்தான்.

"அக்கா, உங்க சர்ச்சுல ஏதாச்சும் நோய் பரவுதா?"

"ஏன் போஸ்?"

"மூணு வாரத்துல நாலு பேரு. எல்லாருக்கும் திடீர்னு கண்ணு போயிருச்சாம். டெஸ்ட் பண்ணா எல்லாம் பழைய மாதிரியே இருக்கு. நேத்து லூர்து அங்கிள் ஒரு கண்ணாடி கொண்டாந்தாரு. அதுல உங்க கையெழுத்து இருக்குது."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகப் போனேன். டின்னிலிருந்த மற்றவற்றையும் எடுத்துக்கொண்டேன். குமார் ஒவ்வொன்றாகத் தம் கருவியில் வைத்துப் பார்த்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

என் நூறு அவர் கருவியில் ஒன்று. என் ஐம்பது இரண்டு. நாற்பது இரண்டரை. இருபத்தைந்து நான்கு.

"தலைகீழா இருக்கே," என்றேன்.

"பவர்னா ஒண்ணை அந்தத் தூரத்தால வகுக்கணும்க்கா. தூரத்தை மீட்டர்ல வெச்சுக்கிட்டு. கால் மீட்டர்னா நாலு. அரை மீட்டர்னா ரெண்டு. தூரம் கூடக் கூடப் பவர் குறையும்."

"படம் பெருசா விழுந்துச்சே?"

அவர் யோசித்தார். "நீங்க போர்ட்ல தானே இருக்கீங்க. பெரிய லோரி திரும்புறதப் பார்த்திருப்பீங்க. நல்ல டிரைவர் அந்த முற்றத்துக்குள்ளயே மடக்கிருவான். சுமாரான ஆளு ரவுண்டபவுட் வரைக்கும் போயித்தான் திரும்பி வருவான். யாரு கையில பவர் இருக்கு?"

"முற்றத்துக்குள்ள மடக்குறவன்கிட்ட."

"அதேதான். வெளிச்சத்தைக் கிட்டயே மடக்குனா பவர் ஜாஸ்தி. நூறு தூரம் போயித்தான் மடங்குதுன்னா அது சோம்பேறிக் கண்ணாடி."

மாங்காய்க்கு நான் இழந்த வரி முப்பத்தைந்து ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. நான் உட்கார்ந்து எல்லா எண்களையும் வகுத்தேன். புள்ளி அறுபத்தேழு மீட்டர், ஒன்றரை. புள்ளி முப்பத்துமூன்று, மூன்று. ஒவ்வொன்றும் அவர் கருவியோடு ஒத்துப்போனது. என் அளவுகளில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுதும் என்னிடமே இருந்தது. அந்த வேளையிலும் சற்றுப் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

"பழுது" என்று ஒட்டியதைக் குமார் கடைசியாக எடுத்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"இது பழுதில்லக்கா. இது தூரத்துல இருக்கிறதப் பார்க்க. மைனஸ் பவர். வெளிச்சத்தைச் சேர்க்காது, விரிச்சு விடும். அதான் படம் விழல. இது நான் பாதருக்குச் செஞ்சது. ஈஸ்டருக்கு முந்தியே தொலைச்சிட்டாரு. பழசைப் போட்டுக்கிட்டு ஓட்டிக்கிட்டிருக்காரு."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர், "ரோசலின் அக்காகூட..." என்று தொடங்கி, நிறுத்தி, மேசையைத் துடைத்தார். "ஒண்ணுமில்ல. கஸ்டமர் விஷயம்."

வெள்ளி, சனி

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதில்லை.

கடைக்கு வெளியே நடைபாதையில் நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா கைப்பையில் வைத்திருப்பது டின்னிலேயே பலமான கண்ணாடி. பாட்டியல்ல என்று காட்டிக்கொள்ள எடுத்த சின்ன எண். அதை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் கையை நீட்டி வாசித்தால் ஓர் எழுத்தும் தெரியாது. பயிற்சி வாசிப்பு நாளை மறுநாள். கைப்பேசி என் கையில் இருந்தது. எண்ணும் மனப்பாடம்.

கூப்பிடவில்லை.

பதினொரு நவம்பர். பதினொரு குவளை தேனும் எலுமிச்சையும். ஒரே ஒரு முறை மேடையில் நின்று அந்தப் பெயர்களை வாசிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. நான் தவறு செய்ய எண்ணவில்லை. ஏற்கெனவே செய்த தவறை இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன். கிள்ளானுக்குப் போகும் ரயிலில் இந்த வேறுபாட்டை எனக்கு நானே நன்றாக விளக்கிக்கொண்டேன்.

நாட்குறிப்பில் பொய் எழுதும் வழக்கம் எனக்கில்லை. அந்தப் பக்கங்கள் இப்படி இருக்கின்றன:

"வெள்ளி. எண்கள் தலைகீழ் என்று தெரிந்தது. ரோ. அக்காவுக்குச் சொல்லவில்லை."

"சனி. மழை. சொல்லவில்லை. டின்னுக்குப் புதிய ஒட்டுச்சீட்டுகள் செய்து முடித்தேன். அழகாக வந்திருக்கின்றன."

தாளுக்குப் பின்னால்

ஞாயிறு பூசைக்கு முன்பே பாதரிடம் அவர் கண்ணாடியைக் கொடுத்தேன். ஒட்டுச்சீட்டை உரிக்க மறந்துவிட்டேன். "பழுது" என்று காதோரம் எழுதியிருக்க, மாட்டிக்கொண்டு கோயிலை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசி வரிசையில இவ்வளவு பேரு தூங்குறாங்களா?" என்றார்.

அன்றிலிருந்து அந்த வரிசைக்கு என்னைப் பிடிக்காது.

பூசை முடிந்ததும் பயிற்சி வாசிப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். லூர்து அண்ணன் முன் வரிசைக்கே வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பழைய பட்டியல்தான், அதே இரண்டு பத்தி, அதே பொடி எழுத்து. "என்னைக் கொல்றாங்களா இல்லையான்னு பார்க்கணும்லா," என்றார்.

ரோசலின் அக்கா மேடையேறினார். கைப்பையைத் திறந்தார். எல்லார் முன்னாலும் இருபத்தைந்தாம் எண்ணை எடுத்து மாட்டினார். இப்போதாவது எழுந்து சொல்லிவிடலாம் என்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்தேன். நாடா ஒட்டிய என் எண் அவர் காதருகே பளபளத்தது.

அவர் கையை நீட்டவில்லை.

தாளைத் தூக்கினார். முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார். அவர் முகம் முழுதும் தாளுக்குப் பின்னால் மறைந்தது. முடியும் கொஞ்சம் நெற்றியும் மட்டும் மேலே தெரிந்தன.

"என்னா இது, காகிதம் வாசிக்கப் போவுதா?" என்றார் லூர்து அண்ணன்.

வாசித்தது. தாளிலிருந்து கணீரென்று குரல் வந்தது. முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை. பத்தி மாறவில்லை, வரி தப்பவில்லை. லூர்து அண்ணனின் பெயர் இருந்த இடத்தை அது தொடாமல் கடந்து போனது. அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு, "இந்த வருஷம் வுட்டுட்டாங்க," என்றார்.

நான் என் பிரதியில் ஒவ்வொரு பெயருக்கும் குறி போட்டுக்கொண்டே வந்திருந்தேன். பிழை இல்லை. எனக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை பிரித்து எழுத முடியவில்லை.

பாதர் என்னைப் பார்த்தார். "நான் வாசிக்கத் தேவையில்ல பாதர்," என்றேன்.

மண்டபத்தில் காப்பிக் குவளையோடு அக்காவைத் தனியாகப் பிடித்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எண்கள் தலைகீழ், அவர் எடுத்தது பலமான கண்ணாடி, அவர் வயதுக்குத் தேவை நாற்பதாம் எண், வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்.

அக்கா வடையைக் கடித்தார். "தெரியும். குமார் சொன்னான்."

"எப்பக்கா?"

"புதன்கிழம."

அதாவது எனக்கு இரண்டு நாள் முன்பு.

"ஏங்கா எனக்குச் சொல்லல?"

"நீ எனக்குச் சொன்னியா? எப்ப சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன். மேடை ஏறுற வரைக்கும் டைம் கொடுத்தேன்."

காப்பியைக் குடித்தேன். கைப்பையிலிருந்து நாற்பதாம் எண்ணை எடுத்து நீட்டினேன். சனிக்கிழமை செய்த புதிய ஒட்டுச்சீட்டு அதில் இருந்தது: இரண்டரை.

"பூசைக்கு இதப் போட்டுக்குங்கக்கா. இதுதான் உங்களுக்குச் சரி. தாளைச் சாதாரணமாப் பிடிக்கலாம்."

"கடையிலயே போட்டுப் பாத்துட்டேன். நல்லாத்தான் தெரியுது." அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "ஆனா இதப் போட்டா காகிதம் கீழ எறங்கிருது ஸ்டெல்லா. எல்லாரும் என் மூஞ்சியப் பார்ப்பாங்க."

பிறகு, "வடை ஆறிப்போச்சு, சாப்பிடு," என்றார்.

வரிசை

அந்த வாரம் பட்டியலை மீண்டும் தட்டச்சு செய்தேன். பெரிய எழுத்து, ஒரே பத்தி. பெயர் கொடுத்த உயிருள்ளவர்கள் யாரும் தாளில் இல்லை. அகரவரிசைப்படி ஆரோக்கியநாதன் முதல் பக்கத்திலேயே வந்தார். மூன்றாவது பெயர். மூன்றாவது பெயரிலேயே தொண்டை அடைத்தால் மற்ற ஆன்மாக்களின் கதி என்ன என்பது ஒரு நிர்வாகக் கேள்வி.

அந்த வரியை வெட்டி, கடைசிப் பக்கத்தில், கடைசிப் பெயருக்குக் கீழே ஒட்டினேன். நான் தெரிந்தே அகரவரிசையை மீறியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

நவம்பர் பூசையன்று காலை கோயில் நிரம்பியிருந்தது. பீடத்தின் முன்னால் மெழுகுவத்திகள். வழக்கம்போல் நான் முதல் வரிசை ஓரத்தில், என் பிரதியோடு. தேனும் எலுமிச்சையும் குடிக்காமல் வந்திருந்தேன். அக்கா மேடையேறி, இருபத்தைந்தாம் எண்ணை மாட்டி, தாளை ஒரு சாண் தூரத்துக்குத் தூக்கினார். ஆரோக்கியநாதன் அண்ணன் பெயர் வரவேண்டிய மூன்றாவது இடத்தில் அவர் குரல் ஒரு நொடி நின்றது. அங்கே வேறு பெயர் இருந்தது. தாளுக்கு மேலே தெரிந்த நெற்றி என் பக்கமாகச் சற்றுத் திரும்பி, மறுபடி நேராயிற்று.

வாசித்துக்கொண்டே போனார். தாள் அசையவில்லை. அங்கங்கே தலைகள் குனிந்தன, கைக்குட்டைகள் வெளியே வந்தன.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தபோது தாள் மெல்ல நகர்ந்தது. கீழே இறங்கவில்லை. முகத்தை நோக்கி இன்னும் நெருங்கியது. கிட்டத்தட்ட மூக்கைத் தொட்டது. பழக்க தோஷத்தில் நான் தூரத்தைக் கணக்கிட்டேன். பத்து சென்டிமீட்டர் இருக்கலாம். அதற்கும் குறைவாக இருக்கலாம். அவ்வளவு கிட்டே வைத்தால் அந்தக் கண்ணாடி வழியாக அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

பெயர் சரியாக வந்தது.